பத்து நிமிட எச்சரிக்கை

சண்டை போடும் இரண்டு வல்லரசுகளுக்கும் எச்சரிக்கை அழைப்பு செய்துகொடுப்பது பாளையங்கோட்டையில் இருக்கும் ஒரே கால் சென்டர்தான். இடப்பக்க வரிசை ஒரு நாட்டுக்கு, வலப்பக்க வரிசை மற்றதற்கு. குண்டு விழப்போகும் வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, வீட்டைக் காலிசெய்யச் சொல்ல வேண்டும். பேசிவிட்டுப் போனை வைத்த பத்தாவது நிமிடம் அந்த வீட்டில் குண்டு விழும். சொல்லாமல் போட்டால்தான் சர்வதேசச் சட்டப்படி குற்றம்.

இசக்கியம்மாள் மூன்று மாதமாக எழுதிக் கொடுத்ததை மட்டுமே வாசித்துவந்தாள். அன்று மதியம் ஒரு பெண் போனை எடுத்ததும், பழக்கதோஷத்தில், "சாப்ட்டீளாம்மா?" என்று கேட்டுவிட்டாள்.

மொழிபெயர்ப்புக் கருவி அதையும் மாற்றிச் சொன்னது.

"பருப்பு வெந்துகொண்டிருக்கிறது. நீ சாப்பிட்டாயா மகளே?"

அதற்குப் பிறகுதான் எச்சரிக்கையை வாசித்தாள். அந்தப் பெண் அழவில்லை. கணவர் நடக்க முடியாதவர், வீடு நாலாவது மாடி, தூக்கி இறக்க மகன் வந்துசேர இரண்டு மணி நேரமாகும் என்றாள். பிறகு மரியாதையாக, "சரி, வைக்கட்டுமா?" என்றாள்.

"வச்சிராதீயம்மா! பருப்புக்கு என்னல்லாம் போடுவீய, சொல்லுங்க."

ஒரு மணி நேரம் கழித்து மேற்பார்வையாளர் ஜோதிராஜ் எரிச்சலோடு வந்தார். "ஷிப்டு முடிஞ்சிட்டுல்லா? போனை வைம்மா, வண்டி நிக்கி."

இசக்கியம்மாள் மைக்கைப் பொத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள். "இன்னும் ஒரு மணி நேரம் சார்."

அவர் திரையில் ஓடிக்கொண்டிருந்த அழைப்பு நேரத்தைப் பார்த்தார். பிறகு அவளை எழுப்பிவிட்டு, ஹெட்செட்டை வாங்கித் தன் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"அம்மா, நான் ஜோதிராஜ் பேசுதேன். பூண்டைத் தட்டிப் போடுவீளா, முழுசாவா?"