சிவப்புப் பெயின்ட்

நண்பகல் வெயில் புற்றுநோய் வார்டின் நீலத் திரைச்சீலை வழியே இறங்கி, வேணுகோபால் கையிலிருக்கும் எவர்சில்வர் டம்ளருக்குள் மிதக்கிறது. கட்டில்கள், மருந்து பாட்டில்கள், தூங்கும் முகங்கள் எல்லாம் குளத்தடியில் இருப்பதுபோல் நீலமாக அசைகின்றன. மருந்து நரம்பில் ஏறும்போது வாயில் ஐஸை அடக்கிக்கொண்டால் வாய்ப்புண் குறைகிறதா என்று நர்ஸ் ஜெசிந்தா ஆய்வு செய்கிறாள். ஐஸ் அவர் பல்லில் தட்டும் மெல்லிய சத்தம் அவளுக்கும் கேட்கிறது. “பூஜ்யத்துலேருந்து பத்துக்குள்ள, வாய் வலி எவ்வளவு சார்?” “ரெண்டு.” ஆறு வாரமாக அதே ரெண்டுதான். ஆனால் அவர் உதடு அசையாமல் பேசுகிறார். வீட்டிலிருந்து வந்த இட்லிப் பொட்டலம் பிரிக்கப்படாமலே கிடக்கிறது. “நெசமாவா சார்?” “ஹவ், ஆமா சிஸ்டர்” என்றவர், டம்ளரை வெளிச்சத்தில் மெல்லத் திருப்பி, கீறல் தேடுவதுபோல் பார்க்கிறார். “பாலாநகர் ஃபேக்டரில முப்பது வருஷம் இன்ஸ்பெக்‌ஷன்ல இருந்தேன். அளவு தாண்டின பீஸுக்கு நானே சிவப்புப் பெயின்ட் அடிச்சு ஓரமாப் போட்ருவேன். இங்கயும் நம்பர் ஏறினா என்னை ஒதுக்கிருவீங்க இல்ல?” ஜெசிந்தாவின் பேனா காகிதத்தின் மேலேயே நின்றுவிடுகிறது. “ஒதுக்குறதுக்கு இல்ல சார். வலியைக் குறைக்கத்தான் கேக்குறோம்.” குழாயில் மருந்துச் சொட்டு விழுகிறது, இன்னொரு சொட்டு விழுகிறது. டம்ளரில் ஐஸ் முழுக்கக் கரைந்து, வெளிச்சம் மட்டும் மிச்சமிருக்கிறது. “எட்டு” என்கிறார். அவள் எழுதி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இன்னும் தாழ்ந்த குரலில், “நேத்து ஒம்பது.”