பார்க்க வந்தவளின் கை

பார்க்க ஆள் வருகிற பையன் மறுபடி தப்புப் பண்ணுவது குறைவு என்று ஆராய்ச்சி சொன்னாலும் சொன்னது, அந்தச் சிறுவர் கூர்நோக்கு இல்லத்தில் ஒவ்வொரு வருகைக்கும் மதிப்பெண் வந்துவிட்டது. யாரை வெளியே விடலாம் என்று கம்ப்யூட்டர் அதைக் கூட்டிச் சொல்லும். தினகரைப் பார்க்க இதுவரை ஒரு ஈ, காக்கா வரவில்லை. நாளை விசாரணை. இன்று ஒருவர் வந்தால் தப்பித்தான்.

வந்தாள் ஒருத்தி. "தினகரோட அம்மா" என்று சொல்லி உள்ளே நுழைந்து, அவனுக்குப் புளிச்சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். நன்னடத்தை அலுவலர் எஸ்தருக்கு இருப்புக் கொள்ளவில்லை. இந்த முகத்தை எங்கே பார்த்தோம்? சட்டென்று பொறி தட்டியது. போன மாதம் விடுதலையான ஜெகனின் அம்மா!

"ஏம்மா, இவனும் உங்க பையனா?"

"போன வாரம் வரைக்கும் இல்ல மேடம்."

"விளையாடறீங்களா?"

"ஜெகன்தான், 'அவனுக்கு யாருமில்லம்மா, நீ போய் நில்லு'ன்னு ஒத்தக் கால்ல நின்னான். ஒரு டிக் போட்டு விடுங்களேன், புண்ணியமாப் போகும்."

தினகர் எஸ்தரின் விரலையே பார்த்தான். விரல் மவுஸ் மேல் இருந்தது.

"போடறேன். நாளைக்கு வெளிய விட்டா, இவன் எந்த வீட்டுக்குப் போவான்?"

அவள் அடுத்த கவளத்தை உருட்டினாள். தினகர் வாயைத் திறந்தான். அவள் ஊட்டாமல் உருட்டிக்கொண்டே இருந்தாள்.