மயிரிழை குறைவாக

நெவில் ஸ்டாக்ஸ் கிடாரின் இரண்டாம் கம்பியை விரலால் மெல்ல மேலே தள்ளினார்.

கூடவே பாடிக்கொண்டிருந்த கூட்டம் பாட்டை நிறுத்தியது. ஷெஃபீல்டுக்காரர்கள் இந்த ஒரு ஸ்வரத்துக்காகத்தான் மழையில் வரிசை கட்டி நின்றுவிட்டு உள்ளே வந்திருந்தார்கள்.

மற்றவர்கள் பத்து ஸ்வரம் கொட்டுகிற இடத்தில் அவர் ஒன்றுதான் வைப்பார். அதையும் முழுசாக ஏற்றமாட்டார். சேர வேண்டிய இடத்துக்கு மயிரிழை கீழே நிறுத்தி, அங்கேயே நடுங்கவிடுவார். வாசல்வரை வந்துவிட்டுக் கதவைத் தட்டாமல் நிற்கிற ஆள் மாதிரி இருக்கும் அது.

சுருதி சேராத வாசிப்பு என்று முதலில் பத்திரிகைகள் திட்டின. பிறகு அதையே பாணி என்றன. உண்மையில் பாணியும் இல்லை, ஒன்றும் இல்லை. உருக்காலையில் பகல் முழுக்க இரும்பு தூக்கிவிட்டு வந்த விரலில் அதற்கு மேல் தள்ளத் தெம்பு இருந்ததில்லை.

நாடெங்கும் பையன்கள் அதைப் போட்டுப் பழகினார்கள். ஒருவனுக்கும் வரவில்லை. கடைசியில் எல்லோரும் சரியான இடத்துக்கு ஏற்றிவிடுவார்கள். பாதியில் நிறுத்த மனசு வராது.

இப்போது விரல் கணுக்கள் வீங்கிக் கிடக்கின்றன. கை தவறுகிற அன்றைக்குக் கிடாரைக் கீழே வைத்துவிடுவேன் என்று மனைவி மவ்ரீனிடம் சத்தியம் செய்திருந்தார். லீட்ஸ் கச்சேரியில் விரல் வழுக்கியது. அதோடு முடிந்தது என்றுதான் நினைத்தார்.

அடுத்த ஊரிலிருந்து எல்லாம் சரியாகிவிட்டது. முதுகுக்குப் பின்னால் அலறுகிற பழைய ஆம்ப்ளிஃபயரை எடுத்துவிட்டு, காதில் இயர்போன் மாட்டிவிட்டார்கள். அதில் கேட்டால், தன் கை இவ்வளவு சுத்தமாகவா பேசுகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது.

"எல்லாம் என் வெந்நீர் ஒத்தடம் பண்ற வேலை. நீ ரொம்ப அலட்டிக்காத," என்று மவ்ரீன் இன்று மாலைகூடச் சொன்னார்.

கம்பி ஏறியது. மயிரிழை மிச்சம் இருக்கும்போது விரல் நின்றது.

காதில் ஸ்வரம் நிற்கவில்லை. மேலே போய், சேர வேண்டிய இடத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

நெவில் குனிந்து விரலைப் பார்த்தார். பிறகு அதைக் கம்பியிலிருந்து எடுத்தார்.

ஸ்வரம் நடுங்கிக்கொண்டே இருந்தது.

முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மேடை ஓரத்தில் கறுப்புத் திரை. அவர் கிடாருக்குத் தினமும் கம்பி மாட்டித் தருகிற ரஸ்ஸலின் பூட்ஸ், திரைக்கு அடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் மவ்ரீன் நின்றிருந்தார். அவர் மேடையைப் பார்க்கவில்லை. திரைக்குப் பின்னால், ரஸ்ஸலின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

யாராவது கவனித்துவிடப் போகிறார்கள் என்று நெவில் விரலைப் பழைய இடத்திலேயே வைத்தார். வைத்த பிறகுதான் வெட்கமாக இருந்தது. சத்தியம் செய்தவர் அவர்தானே. கிடார் வாரைக் கழற்ற அவர் கை தோளுக்குப் போனது.

பேஸ் கிடார் வாசிக்கிற காலின் அதற்குள் அருகே வந்துவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்தே கூட இருப்பவர்.

"இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான்டா அதை ஒழுங்கா வாசிச்சிருக்க. வாரை விடு, கிழவா. சிரி. முன்னாடி படம் எடுக்கிறாங்க."

சொல்லிவிட்டு, கம்பியைச் சுண்ட வேண்டிய வலது கையால் நெவிலின் முதுகை மெதுவாகத் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

காதில் பேஸ் ஒரு தாளம்கூடத் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.