கைநாட்டு

மகளிர் காவல் நிலையத்தின் பழைய மனுக்களை ஆராய வான்மதிக்கு நிதி கொடுத்தவர்கள், நிரப்புவதற்கு ஒரு படிவமும் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டாம் கேள்வி: மனுதாரருக்கு எழுதப் படிக்கத் தெரியுமா? கைநாட்டைக் கண்டால் 'தெரியாது' என்று குறித்துவிட்டு அடுத்த மனுவுக்குப் போய்விடுவாள். மூன்று வாரத்தில் நானூறு மனுக்கள் முடிந்திருந்தன. இன்று பவுன்தாய் என்ற பெயர் மூன்றாம் முறையாகக் கண்ணில் பட்டது. கணவன் அடிப்பதாகப் புகார். மூன்றின் அடியிலும் எதிர் மேசை ஏட்டம்மா எழுதிய அதே வாசகம்: 'சமாதானமாகச் சேர்ந்து வாழ்கிறோம், நடவடிக்கை வேண்டாம்.' முதல் மனுவில் முத்து முத்தான கையெழுத்து. இரண்டாவதில் அதுவே கோணிக்கொண்டிருந்தது. மூன்றாவதில் கைநாட்டு.

"ஏட்டம்மா, இவங்களுக்குத்தான் கையெழுத்துப் போடத் தெரியுமே?"

"நல்லாத் தெரியும். அன்னிக்கு அவளால பேனா பிடிக்க முடியல." எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து ஏட்டம்மா தலையை நிமிர்த்தவில்லை. அந்தப் புது மனுவின் அடியிலும் அதே வாசகத்தை எழுதி முடித்ததும் வாசல் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். "பவுன்தாயி, உள்ள வாம்மா. ஒங்க வீட்டுக்காரரையும் வரச் சொல்லு."

வான்மதி தன் படிவக் கட்டைப் பார்த்தாள். அதில் எத்தனை 'தெரியாது' இருக்கும்?

வலது கையை முந்தானைக்குள் பொதிந்துகொண்டு பவுன்தாய் வந்து நின்றாள். ஏட்டம்மா ஒன்றும் கேட்காமலே ஸ்டாம்ப் பேடைத் திறந்து வைத்தார். வான்மதி எழுந்து போய்த் தன் பேனாவை அதன் பக்கத்தில் வைத்தாள்.

பவுன்தாய் இடது கையை நீட்டினாள். மைக்கும் பேனாவுக்கும் நடுவில் அது நின்றது. பின்னால் நின்ற கணவன் தொண்டையைக் கனைத்தான்.