கல்லின் கடைசி வரி

துணியை விலக்கினார்கள்.

கருங்கல் வெயிலில் மின்னியது. உடைந்த சிமெண்ட் சிலுவை இருந்த இடத்தில் இப்போது இந்தக் கல்.

அவன் குவைத்தில் இருந்தான். சலவைக் கூடத்தின் பின்பக்கம், போர்வை மூட்டைகளுக்கு நடுவே குத்தவைத்து, கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தான். லீவு கேட்டும் கிடைக்கவில்லை. ஊரில், கல்லறைத் தோட்டத்தில் கைபேசியைப் பிடித்திருந்தவர் அம்மாவின் தம்பி, இஞ்ஞாசி மாமா. படம் ஆடிக்கொண்டே இருந்தது.

அப்பாவை அவன் பார்த்ததில்லை. எல்லைச் சண்டையில் அவர் செத்தபோது அவன் அம்மாவின் வயிற்றில் இருந்தான்.

கல்லில் வெட்டும் வாசகத்தை மகன்தான் சொல்ல வேண்டும் என்று அம்மா கேட்டிருந்தாள். அப்பாவுக்காக அவன் செய்த ஒரே காரியம் அது.

பங்குச் சாமியார் சத்தமாக வாசித்தார்.

"லான்ஸ் நாயக் ச. வியாகப்பன், வீர் சக்ரா. காயம்பட்ட தோழர்களைத் தோளில் சுமந்து வந்தவர். கடைசி ஆளுக்காகத் திரும்பிப் போனபோது உயிர் நீத்தார்."

நிறுத்தினார். கண்ணாடியைச் சரிசெய்தார். இன்னும் ஒரு வரி இருந்தது.

"வாரேன், வாரேன்."

அவன் கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோனான்.

வாசகம் அனுப்பிய அன்றைக்கு அவனுக்கு இரண்டு கையிலும் ஈரத் துணி. கைபேசியை அலமாரியில் சாய்த்துவைத்து வாயால்தான் சொன்னான். கைபேசி அதைக் கேட்டு எழுதிக்கொண்டது. முடிக்கும்போது சூப்பர்வைசர் கூப்பிட்டார். வாரேன், வாரேன் என்று பதில் குரல் கொடுத்தான். அதையும் எழுதிக்கொண்டது. வாசித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டு ஓடினான். மாமா அதை அப்படியே கல்காரருக்குத் தள்ளிவிட்டார். எந்திரம் அப்படியே வெட்டியது.

கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"செத்தவரு எங்கல வாரேங்காரு?"

சிரிப்பு எழுந்து, அடங்கியது.

ரெஜிமெண்டிலிருந்து வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அவர் விறைப்பாக சல்யூட் அடித்தார். கடைசி வரிக்கும் சேர்த்து.

மாமாவின் முகம் திரையை நிறைத்தது.

"லே, அனுப்புததுக்கு முன்ன ஒருக்கா வாசிச்சுப் பாத்தா என்னல?"

ஊர் முழுக்க நிற்கிறது. அம்மா நிற்கிறாள்.

கல்காரர் சமாதானம் சொன்னார். கறுப்புப் பசை வைத்து அடைத்துவிடலாம், காய்ந்தால் தெரியவே தெரியாது. டப்பாவைத் திறந்துகொண்டு கல்லின் முன் உட்கார்ந்தார்.

அம்மா வந்தாள்.

அந்த வரியின் மேல் உள்ளங்கையை வைத்தாள். எடுக்கவில்லை.

மாமாவுக்குச் சட்டென்று பிடிபட்டது. அத்தான் கடைசியாகச் சொன்னது அதுதானே என்றார். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். ஊருக்கே தெரிந்த கதை. பிள்ளைக்கு நான்தான் பேர் வைப்பேன், போய்ட்டு வாரேன் என்று சொல்லிவிட்டுத்தான் அவர் பஸ் ஏறினார். ஒவ்வொரு வருசப் பூசைக்கும் அம்மா அதைச் சொல்லி அழுவாள். அவன் அதைக் கேட்டே வளர்ந்தவன்.

அம்மா மாமாவிடம் கைபேசியைக் கேட்டு வாங்கினாள். கூட்டத்தை விட்டு மதில் ஓரமாக நடந்தாள். வாயருகே வைத்துக்கொண்டாள். திரையில் அவள் தாடையும் கொஞ்சம் வானமும் தெரிந்தன.

"அன்னைக்கு எங்களுக்குள்ள சண்டைய்யா. பேறுகாலம் வரைக்கும் இருந்துட்டுப் போங்கன்னேன். கோவத்துல, போறேன்னுட்டுத்தான் போனாவ."

கைபேசியை மறு கைக்கு மாற்றினாள்.

"வாரேன்னு சொல்லல. நானாத்தான் எல்லார்ட்டயும் அப்படிச் சொன்னேன்."

அவன் அம்மா என்றான்.

"அது இருக்கட்டும்யா. அழிக்காண்டாம். இப்பவாது சொன்னாவளே."

கைபேசியை மாமாவிடம் திருப்பிக் கொடுத்தாள். கல்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் டப்பாவை மூடினார்.

கூட்டம் கலைந்தது. மாமா கைபேசியை அணைக்க மறந்திருந்தார்.

அம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கல்லறை மேடையில் உட்கார்ந்தாள். அன்றைய சண்டை இன்னும் தீராதவள்போல் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கல்லுக்கு முதுகைக் காட்டி.

மாமா கூப்பிட்டார். அவள் எழவில்லை.