மூச்சுக்குத்தான்!

தலைக்கு மை பூசி வந்த குமாஸ்தாவை, "மாப்பிள்ளை வந்தாச்சு" என்று ஒரு வருஷம் கேலி செய்தவர் மேலாளர். அப்பேர்ப்பட்டவர் அழகுக்காக மூக்கைத் திருத்திக்கொள்ளப் போகிறார் என்று தெரிந்தால் ஆபீஸ் சும்மா விடுமா? அதனால், "மூச்சு விட முடியல" என்று எல்லாரிடமும் சொல்லி வைத்தார். மனைவியிடமும் அதே கதைதான்.

"அழகுக்கா, மூச்சுக்கா?" என்று கேட்டார் டாக்டர்.

பக்கத்திலேயே மனைவி.

"சேச்சே, இந்த வயசுல அழகு எதுக்கு? மூச்சுக்குத்தான்!" என்றவர், அவள் பார்க்காத நேரத்தில் டாக்டரைப் பார்த்துக் கண்ணடித்தார். ஒன்றுக்கு மூன்று தடவை. டாக்டரும் தலையாட்டியபடி எதையோ குறித்துக்கொண்டார்.

பத்தாம் நாள் கட்டுப் பிரித்தார்கள். மேலாளர் ஆவலோடு கண்ணாடியை வாங்கிப் பார்த்தார். அதே குடைமிளகாய் மூக்கு!

"உள்ள வளைஞ்சிருந்த எலும்ப நிமித்தியாச்சு. வெளிய கையே வைக்கல" என்றார் டாக்டர் பெருமையாக.

"அப்பாடா, இனிமே குறட்டை இருக்காது" என்றாள் மனைவி.

மேலாளர் பதறிப்போய் மறுபடி கண்ணடித்தார்.

"அட, இன்னும் துடிக்குதா? அன்னைக்கே கவனிச்சேன்" என்று டாக்டர் ஒரு சீட்டை நீட்டினார். "கண் டாக்டருக்கு எழுதி வச்சிருக்கேன். கையோட அதையும் காட்டிடுங்க."