சீல் வைத்த சாக்கு

"சாமி முயலைப் புடுங்கிக்கிட்டு வந்திருக்கீங்களே, நல்லாயிருப்பீங்களா?"

வனத்துறை ஆபீஸ் வாசலில் முப்பது பேர் நின்றார்கள். கையில் தடி, காலடியில் நாய்கள்.

பாரஸ்டர் லூர்துநாதன் காட்டிலிருந்து தோளில் போட்டுக்கொண்டு வந்த கோணிச் சாக்கை மேஜைமேல் வைத்தார். வந்ததும் வராததுமாக அரக்கை உருக்கிக் கயிற்று முடிச்சின்மேல் முத்திரை குத்தினார். பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தார்.

"சமஸ்தானம் போய் நாலு வருஷமாச்சு. இப்ப சட்டம் வேற. மாசியில முயல் அடிக்கக் கூடாதுன்னு தண்டோரா போட்டோமா, இல்லையா?"

"சட்டம் ஒங்களுக்குங்க. மாசி வேட்டை எங்க அய்யனாருக்கு," என்றார் பூசாரி வெள்ளைச்சாமி. "வேட்டையில முயல் விழுந்தாத்தான் காப்பு அவுக்க முடியும்."

அந்த ஊரில் வேட்டை ஈட்டியைப் பிடித்து முன்னால் போகிற உரிமை சிவசாமி வீட்டுக்கு. அவரோ மூன்று மாசியாக வெறுங்கையோடு திரும்பியிருந்தார். தேங்காய் உடைத்துச் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுச் சமாளித்தார்கள். 'சிவசாமி கை செத்துப்போச்சு' என்று ஊரே பேசியது. இந்த வருஷமும் முயல் இல்லையென்றால் ஈட்டி அவருடைய பங்காளி நாகராசு வீட்டுக்குப் போய்விடும் என்று ஊர்க் கூட்டத்தில் முடிவாகியிருந்தது.

அப்படிப்பட்ட மனுஷனை ஓடைக்கரையில் தனியாக மடக்கி, கிடைத்த ஒரு முயலையும் பறித்துவிட்டாராம் எங்கள் பாரஸ்டர்.

சிவசாமி ஆபீஸ் பானையிலிருந்து மூன்றாவது சொம்பு தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்கண்ணே ஒங்க சுரைக்குடுக்கை?" என்றான் நாகராசு. "வேட்டைக்குப் போறவுக தண்ணி இல்லாமயா போவாக?"

"ஓடையில விழுந்திருச்சுப்பா."

"முயலாவது விழுந்துச்சா? யாரு பாத்தது? அந்தச் சாக்கை அவுக்கச் சொல்லுங்கப்பா!"

கூட்டம் இரண்டடி முன்னால் வந்தது. சிவசாமி நாலாவது சொம்பு மொண்டார்.

லூர்துநாதன் பேனாவைத் திறந்தார். "அவுக்கலாம். ஆனா அரக்கு வச்ச சாக்கு. கோர்ட்டுலதான் அவுக்கணும். நீ சாட்சியா வாரியா? அப்பா பேரைச் சொல்லு, எழுதிக்கிறேன். வாய்தாவுக்கு வாய்தா புதுக்கோட்டைக்கு வரணும்."

"எனக்கெதுக்குங்க கோர்ட்டு?" நாகராசு நாய்களுக்குப் பின்னால் போய்விட்டான்.

பூசாரி சாக்கை ஒரு பார்வை பார்த்தார். "முயல் சிவசாமி கைக்கு வந்திருச்சு. அதோட வேட்டை முடிஞ்சது. காப்பு அவுத்துரலாம். குத்தமெல்லாம் இனி புடுங்கினவர் தலையில."

"சர்ச்சுக்குப் போற வேதக்காரருக்கு நம்ம சாமிகிட்ட என்ன பயம்? மிளகு போட்டு வறுத்துத் திம்பாரு!" என்று ஒரு குரல்.

சிவசாமியின் மனைவி மருதாயி முன்னால் வந்தாள். குனிந்து இரண்டு கையிலும் மண்ணை வாரி வாசல்படியில் நின்று தூற்றினாள்.

"எம்புருசன் கைக்கு வந்ததப் புடுங்கின ஒங்க அடுப்புல பூனை படுக்கும்!"

"அடியே..." என்று வாயெடுத்தார் சிவசாமி. லூர்துநாதன் அவரைப் பார்த்தார். சிவசாமி வாயை மூடிக்கொண்டு படியிறங்கினார்.

கூட்டம் கலைந்தது.

எனக்கு மனசு ஆறவில்லை. இந்த ஆபீசில் ரைட்டர் உத்தியோகத்தில் எத்தனையோ பாரஸ்டர்களைப் பார்த்தாயிற்று. பிடிபட்ட உடும்பும் கௌதாரியும் யார் யார் வீட்டு அடுப்புக்குப் போயின என்று எனக்குத் தெரியும். இவராவது வேறு மாதிரி என்று நினைத்திருந்தேன். ஒரு ஏழையின் மானத்தைப் பறித்துவிட்டு எப்படி இப்படி உட்கார்ந்திருக்க முடிகிறது?

இப்படி நினைத்த நான்தான், சாக்கைக் கண்டதுமே ஆபீசுக்குப் பின்னாலிருக்கும் என் வீட்டுக்கு எட்டிப் போய், மிளகு அரைத்து வைக்கும்படி மனைவி செவந்தியிடம் சொல்லிவிட்டு வந்தவன்.

"தவக்காலமாச்சேங்க," என்றேன் மெதுவாக. "நீங்க கறி தொட மாட்டீங்க. கோர்ட்டுக்குப் போறதுக்குள்ள நாறிப்போயிரும். புதைச்சதா எழுதிட்டு..."

அவர் சட்டையிலிருந்த மண்ணைத் தட்டினார். பேனாக்கத்தியை என் பக்கம் தள்ளினார்.

"நீங்களே அவுங்க, ரைட்டர்."

அரக்கை வெட்டினேன். உள்ளே ஒரு பழைய தலைப்பாகைத் துணி. துணிக்குள் சுரைக்குடுக்கை. ஆட்டிப் பார்த்தேன். பாதித் தண்ணீர் இருந்தது.

"முயல்...?"

"அந்தக் காட்டுல ஏது முயல்? நான் பாத்து அஞ்சு வருஷமாச்சு. எல்லாம் அடிச்சுத் தின்னு முடிச்சப்புறம் சட்டம் வந்திருக்கு." கண்ணை மூடிக்கொண்டே சொன்னார். "ஈட்டியை மடியில வச்சுக்கிட்டு ஓடையில ஒக்காந்து அழுதுக்கிட்டிருந்தாரு. இந்தச் சட்டத்தை வச்சு வேற என்ன செய்யச் சொல்றீங்க?"

"அப்ப கேஸு?"

"கண்டிச்சு விட்டுட்டோம்னு ஊருல சொல்லுங்க. எழுத வேண்டாம். குடுக்கையை யாரும் பாக்காம அவர்கிட்ட சேத்துருங்க."

எழுந்து தொப்பியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் நின்றார். என் வீட்டுப் பக்கமிருந்து வந்த காற்றை ஒருமுறை முகர்ந்தார்.

"அரைச்ச மிளகை வீணாக்க வேண்டாம். ரசம் வைக்கச் சொல்லுங்க. எனக்கும் ஒரு டம்ளர்."